ஈத்தக்கடவுக்கு வந்த ஏழாவது படகு

ஆணையத்தின் பெயரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் நோட்டீஸ் வரும். வருகிற நோட்டீஸுக்குப் பதில் எழுதவும் அதை மூன்று நகல் எடுக்கவும் ஈத்தக்கடவில் என் கடையை விட்டால் வேறு கடை கிடையாது. எனக்கு வந்த நோட்டீஸுக்கு நானே ஜெராக்ஸ் போடும் கேவலம் வேண்டாம். நகரத்துக்குப் பயணிகள் படகு வாங்கிய ஆணையம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஷிபு. ஆரியங்கோட்டு ரப்பர்த் தோட்டங்களைத் தாண்டி நெய்யாற்றுக்கு இறங்குகிற இடத்தில் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், மலையாளத்தில் மனு எழுதுதல் எல்லாம் உண்டு. எங்கள் ஆட்கள் வீட்டில் தமிழில் சண்டைபோட்டு ஆபீஸில் மலையாளத்தில் கெஞ்சுகிறவர்கள். நடுவில் நான் இருக்கிறேன். அதனால் இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு காகிதமும் என் கை வழியாகப் போனதாக்கும். கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, நகல் எடுத்துச் சொல்கிறேன்.

ஆற்றின் அக்கரையில் டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது. ஆணையத்தின் கிளை ஆபீசும் அக்கரையில்தான். இக்கரையில் ராபின்சன் அண்ணன் இருந்தார். முப்பது வருஷம் ரப்பர் வெட்டியவர். கிட்னி இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், சனி மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு சென்டரில் படுக்க வேண்டும். அவர் மனைவி லீலாபாய் அக்கா கையைப் பிடித்து, வள்ளம் கிடக்கிற கடவுக்குக் கூட்டிவருவாள். தாணு அண்ணன் வள்ளத்தைக் கழுக்கோல் ஊன்றித் தள்ளினால் எட்டு நிமிஷத்தில் அக்கரை. பாலம் வழியாகச் சுற்றினால் பதினேழு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் வரும்போது சென்டரில் காலை ஷிப்டு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வாரத்தில் மூன்று நாள் ஆட்டோ பிடிக்கிற வீடும் அல்ல அது.

ஆக, அந்த மனிதரின் உயிர் எட்டு நிமிஷத்தில் இருந்தது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நகரத்துக்கு ஆணையம் ஏழு புதிய படகு வாங்கியது. ஆறு படகு நகரத்துக் காயலில் நிற்கிறது. ஒன்றில் கதவு இடப்பக்கம், படகுத்துறையெல்லாம் வலப்பக்கம். இரண்டு படகு மின்சாரத்தில் ஓடுமாம், மின்சாரம் இன்னும் வந்துசேரவில்லை. ஒன்று பாலத்தை விட ஒன்றரை அடி உயரம். மற்ற இரண்டின் குறை என்ன என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள், குழுவின் குறை என்ன என்று யாரும் பார்க்கவில்லை. ஏழாவதை வைக்க இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தபோதுதான் தலைவி பிரேமகுமாரி மேடத்துக்கு எங்கள் ஞாபகம் வந்தது. கிராமங்களும் நகரத்தின் நீட்சியே என்று ஒரு வாசகம் எழுதி, எங்களை நீட்டிவிட்டார்கள்.

முதலில் ஆற்றை அளக்க வந்தார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆள் யாராவது வந்தால் ரோட்டோரம் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள், ஆற்றில் தண்ணீர் விடுவார்கள். மேலே அணைக்கு ஒரு போன் போகும். வருகிறவர் கண்ணுக்கு நதி நிறைந்து தெரிய வேண்டும், வற்றிய ஆற்றைக் காட்டுவது மரியாதைக் குறைவு. மேடம் வருகிறார் என்றதும் அணையின் ஷட்டரைத் திறந்தார்கள். ஆறு கரைமுட்ட ஓடியது. சீஃப் எஞ்சினியர் வேலாயுதன் சார் நாடாவும் ஈயக்குண்டும் வைத்து அளந்தார். ஆழம் பன்னிரண்டு அடி, அகலம் அறுபது மீட்டர். எழுதிக்கொண்டார்.

தாணு அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றார்.

"சாரே, இது இன்னைக்குள்ள தண்ணியாக்கும். நாளைக்கு வந்து பாருங்க. மாரளவுதான் காணும். அகலமும் பாதியாவும்."

"நாளைக்கு எனக்கு டூர் புரோகிராம் இல்லை," என்றார் வேலாயுதன் சார். பிறகு, "நீர் யார்?" என்றார்.

"கடத்துக்காரன் சாரே. இருவத்தேழு வருசமா இஞ்ச வள்ளம் தள்ளுகேன்."

"அப்படியானால் நீர் ஆர்வமுள்ள தரப்பு. உம்முடைய கருத்தைப் பதிவு செய்ய விதியில்லை. நதியைப் பற்றி, நதியோடு சம்பந்தமில்லாதவர்கள்தான் சொல்ல வேண்டும்."

அடுத்த நாள் காலை ஆறு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அளந்தவர்கள் வரவில்லை.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. புதிய படகு வரவிருப்பதால் பழைய வள்ளம் இன்று முதல் பாதுகாப்பற்றதாகிறது என்று அதில் இருந்தது. இருபத்தேழு வருஷம் ஒரு ஆளும் விழாத வள்ளம் ஒரு காகிதத்தில் முங்கிப்போனது. போலீஸ் துணையோடு வந்து அதைத் தூக்கி, வாடகைக்கு எடுத்த ஒரு முற்றத்தில் வெயிலில் கவிழ்த்துப்போட்டு, அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். புதிய படகு எப்போது வரும் என்று கேட்டதற்கு, விரைவில் என்றார்கள். ஆபீஸ் மலையாளத்தில் விரைவில் என்றால் ஐந்து மாதம் என்று எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

லீலாபாய் அக்கா என் கடைக்கு வந்தாள்.

"எலே ஷிபு, ஒரு மனு எழுது மக்கா. எனக்க மாப்பிளைக்கு அக்கர போணும். புதிய படகு வாறது வரைக்கும் வள்ளத்தத் தரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அதுவும் கிணற்றில் போட்ட கல். மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவளும் நானும் பதினேழு கிலோமீட்டர் சுற்றி ஆபீசுக்கே போனோம். வேலாயுதன் சார் மனுவைப் படித்தார். நல்ல மனிதர், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

"அம்மா, நாலு மாதம் பொறுங்கள். புதிய படகில் ஏசி உண்டு."

"ஏசி வேண்டாம் சாரே. வள்ளம் போரும்."

"அப்படிச் சொல்லக்கூடாது. மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு ஆலோசனை நிறுவனம் ஏழு மாதம் ஆய்வு செய்திருக்கிறது." ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "இதோ, ஈத்தக்கடவு. நீங்கள் ஏசி கேட்டிருக்கிறீர்கள். டிவியும் கேட்டிருக்கிறீர்கள்."

"நான் கேக்கல்லியே சாரே."

"தனிப்பட்ட முறையில் கேட்டிருக்கமாட்டீர்கள். பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்த ஐந்து மாதம் எப்படிப் போனது என்று விரிவாகச் சொல்ல எனக்கு மனசில்லை. மார்பளவு தண்ணீர்தானே, தூக்கிக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். மணல் வாரி வாரி ஆற்றின் நடுவில் ஆள் முங்குகிற குழிகள். தாணு அண்ணன் ஒரு நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் ராபின்சன் அண்ணனைச் சுமந்துகொண்டு இறங்கி, குழியில் கால் போய், இரண்டு பேரும் தண்ணீர் குடித்து வந்தார்கள். அதற்குப் பிறகு அக்கா சம்மதிக்கவில்லை. வாரத்தில் மூன்று டயாலிசிஸ் இரண்டானது. சில வாரம் ஒன்று. அண்ணனுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனது. முகமும் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தார்.

ஒரு சனிக்கிழமை படகு வந்தது. அப்பா, அதன் பவிசு. நாற்பது சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழியில் இரண்டு பலாமரத்தையும், சபையின் ஆராதனை நேரம் எழுதிய வளைவையும் இடித்துக்கொண்டு வந்தார்கள். நீளம் முப்பத்திரண்டு மீட்டர். மிதக்க ஆறடி தண்ணீர் வேண்டும். பக்கவாட்டில், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை மேடத்தின் சிரித்த முகம்.

வழக்கம்போல ஷட்டரைத் திறந்தார்கள். காலை பத்து முதல் பன்னிரண்டு வரைக்கும் தண்ணீர் என்று பேச்சு. கிரேன் வைத்து படகை ஆற்றில் இறக்கினார்கள். மிதந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே மிதந்தது. முதல் பயணிகள் என்று ராபின்சன் அண்ணனையும் அக்காவையும் ஏற்றி, டிக்கெட் நம்பர் ஒன்று, இரண்டு கொடுத்து உட்காரவைத்தார்கள். நோயாளி என்றால் படத்துக்கு நல்லது என்று கேமராக்காரர் சொல்லியிருந்தார். மேடத்தின் முகம் முழுசாக விழ வேண்டும் என்று படகை ஆற்றின் குறுக்கே திருப்பி நிறுத்தச் சொன்னதும் அவரேதான்.

பிறகு மேடம் மேடையேறிப் பேசினார்.

"சில பேர் கேட்கிறார்கள், ஏழு படகு வாங்கி ஆறு ஓடவில்லையே என்று. அவர்களிடம் நான் கேட்கிறேன், ஓடுவதற்கு மட்டும்தானா ஒரு படகு? வாங்கும்போது அது எத்தனை பேரின் கனவை நிறைவேற்றுகிறது? தயாரித்தவரின் கனவு, விற்றவரின் கனவு, இடையில் நின்றவரின் கனவு. ஓட ஆரம்பித்தால் தேய்மானம். நிற்கும் படகு என்றும் புதிய படகு. எங்கள் ஆட்சியில் ஒரு படகுகூடப் பழையதானதில்லை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன்."

கைதட்டினார்கள். பன்னிரண்டு மணிக்கு ஷட்டரை மூடினார்கள். மேடம் மூடவில்லை. ஒரு மணிக்கு வளர்ச்சியின் எதிரிகளைப் பற்றிப் பேசினார். ஒன்றரைக்கு அவருடைய குழந்தைப் பருவம். இரண்டு மணிக்கு, இறுதியாக ஒன்று என்று அவர் சொன்னபோது, படகு தரைதட்டுகிற சத்தம் கேட்டது. ஆறு தன் பழைய அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. படகின் மூக்கு அக்கரைச் சேற்றில், வால் இக்கரைப் படியில். அசையவில்லை.

 லீலாபாய் அக்கா உள்ளே எழுந்தாள். ஏழு மணிக்கே புறப்பட்டு வந்து பூமாலையோடு உட்கார்ந்திருந்தவள். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவே நடந்து, முன்கதவைத் திறந்து அக்கரையில் இறங்கினாள். சென்டருக்குப் போய்விட்டாள். பிந்திவந்தாலும் படுக்கை காலி இருந்தது, சிஸ்டர் அண்ணனைப் படுக்கவைத்தார்.

அடுத்த ஏழு வாரம் ஈத்தக்கடவில் பாலம் இருந்தது. தாணு அண்ணன் இரண்டு முனையிலும் தென்னம்பலகை போட்டுக் கயிறு கட்டினார். தனுவச்சபுரத்தில் படிக்கிற அக்கரைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு அதன் வழியாக வந்தார்கள். பனச்சமூட்டுச் சந்தைக்குப் போகிற பெண்கள் மரச்சீனிக் கிழங்கையும் வாழைக்குலையையும் தலையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடி ஆற்றைக் கடந்தார்கள். ஆடுகளும் கடந்தன. திங்கள், புதன், சனி ஒன்று விடாமல் ராபின்சன் அண்ணன் கடந்தார். கால் வற்றியது. செருப்பு நுழைந்தது. ஒரு நாள் என் கடையில் நின்று, அளவுக்கு மேல் தண்ணி கூடாது என்பதால் பாதி கிளாஸ் மட்டும் சாயா குடித்துக்கொண்டே சொன்னார்:

"ஷிபு, இந்தப் படகு ஓடாத காலம் வரைக்கும் எனக்குச் சாவில்ல கேட்டியா."

அக்கா அவர் தோளில் ஒரு அடி கொடுத்தாள்.

ஆணையமும் சும்மா இருக்கவில்லை. தினம் தொள்ளாயிரம் பயணிகள், எரிபொருள் பூஜ்யம், விபத்து பூஜ்யம் என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தார்கள். ஏழு படகில் மிகச் சிறந்த சேவை ஈத்தக்கடவில்தான் என்று ஒரு கேடயம்கூட அவர்களே அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

கேடயத்தைப் பார்த்துப் பாலத்துறைக்கு வயிறெரிந்தது. இரு கரையையும் தொட்டு, அசையாமல் நின்று, மேலே மக்கள் நடந்தால் அது பாலம், பாலம் எங்கள் துறை, ஆணையம் அனுமதியின்றிப் பாலம் கட்டியிருக்கிறது என்று கடிதம் எழுதினார்கள். விசாரணை என் கடைக்கு எதிரே பந்தல் போட்டு நடந்தது. வேலாயுதன் சார் ஆணையத்துக்காகப் பேசினார்.

"ஓடாமல் நிற்கிறது என்பதற்காக ஒன்றைப் படகில்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கணக்குக்கு வந்தால் எங்களிடம் ஒரு படகும் இருக்காது."

பாலத்துறைக்காரர் விடவில்லை. "மக்களுக்குப் பயன்படுகிறதே. உங்களுடையதாக இருந்தால் பயன்படுமா?"

வேலாயுதன் சாருக்கு முகம் கறுத்துவிட்டது. கடைசியில் முடிவு எழுதினார்கள். படகு என்று நிரூபிக்க ஆணையம் அதை நகர்த்திக் காட்ட வேண்டும். வரும் புதன்கிழமை, காலை ஏழு மணி.

ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். நாற்பத்தாறு பக்கம். நானே நகல் எடுத்தேன், காசு வாங்கவில்லை. வேலாயுதன் சார் அதை வாங்கிக்கொண்டு, "மக்கள் விரும்புகிறார்கள் என்பதை ஆணையம் மதிக்கிறது. ஆனால் ஆணையத்தின் கௌரவமும் மக்களுடையதுதான்," என்றார். வள்ளத்தையாவது தருகிறோம் என்றார்கள். தாணு அண்ணன் போய்ப் பார்த்தார். ஏழு மாத வெயிலில் பலகை எல்லாம் பிளந்து, உள்ளே புல் முளைத்திருந்தது. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொண்டு போகலாம். அவர் போடவில்லை. நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

புதன்கிழமை ஆறரைக்கே ஷட்டர் திறந்தாயிற்று. ஆறு அகன்று, படகின் மூக்கு அக்கரைக்கு எட்டாமல் போனது, வால் மட்டும் இக்கரைப் படியில். படகைக் கட்டி இழுக்க ஒரு இழுவைப்படகு வந்து நின்றது. உள்ளே லீலாபாய் அக்காவும் ராபின்சன் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முதல் நாள் கொடுத்த டிக்கெட் இரண்டையும் கையில் விரித்துப் பிடித்திருந்தாள்.

மேடம் கரையிலிருந்தே சொன்னார், "அம்மா, இறங்குங்கள். இன்று ஈத்தக்கடவுக்கு வரலாற்று நாள். நம் படகு ஓடப்போகிறது."

"ஓடட்டு. அக்கரைக்கு ஓடட்டு. எங்கள எறக்கிவிட்டுட்டு எங்க வேணுமானாலும் கொண்டு போங்க. டிக்கெட் எடுத்திருக்கு."

வேலாயுதன் சார் உள்ளே போனார். "பயணிகளை வைத்து ஓட்ட இந்தப் படகுக்குத் தகுதிச் சான்று இல்லை அம்மா."

"பின்ன அன்னைக்கு எங்கள ஏத்தினது?"

"அது ஓட்டத்துக்கு அல்ல. புகைப்படத்துக்கு. புகைப்படத்துக்குத் தகுதிச் சான்று இருந்தது."

அண்ணன் மெதுவாகச் சொன்னார், "சாரே, எனக்கு எட்டு மணிக்குக் கெடக்கணும். மூணு மணிக்கூர் கழிஞ்சு இழுத்தா போராதா? தண்ணி பின்னயும் விடலாமே."

"அனுமதி ஏழு மணிக்கு," என்றார் அவர். சொல்லும்போது அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு பெண் போலீஸ் வந்து, மரியாதையாகத்தான், கைத்தாங்கலாக இறக்கினார்கள். இக்கரையில் இறக்கினார்கள். படகு மிதந்தது, திரும்பியது, இழுத்துக்கொண்டு போனார்கள். இருநூறு மீட்டர் போனதும் மணல்திட்டில் ஏறி நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது, ஆற்றின் நீளவாக்கில். யாருக்கும் தொந்தரவில்லை, ஒரு கரைக்கும் எட்டாது. நகர்ந்ததால் அது படகுதான் என்று அன்று சாயங்காலமே தீர்ப்பாகி, ஆணையம் வென்றது. பட்டாசு வெடித்தார்கள்.

அந்தப் புதன் போயிற்று. சனி ஆட்டோவில் போனார்கள். திங்கள் ஆட்டோ கிடைக்கவில்லை. பஸ்ஸில் போய், ஷிப்டு முடிந்து, திரும்பிவந்தார்கள். அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் மூச்சுத் திணறி, ஆட்டோவில் ஏற்றி, பதினேழு கிலோமீட்டரில் பதினொன்றாவது கிலோமீட்டரில் ராபின்சன் அண்ணன் இறந்தார். ஆட்டோக்காரர் மீட்டரைப் பார்த்துச் சொன்ன கணக்கு. ஞாயிற்றுக்கிழமை சபைக் கல்லறையில் அடக்கம் செய்தோம். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, இப்போதும் வருகிறது, இந்த வரியை அடிக்கும்போது கீபோர்டில் ஒரு எழுத்து கழன்றுவிட்டது.

நாற்பது நாள் கழித்து அக்கா ஒரு கவரோடு கடைக்கு வந்தாள். வள்ளம் கேட்டு அவள் முதல்முதலில் போட்ட மனுவுக்குப் பதில் வந்திருந்தது.

"வாசி மக்கா," என்றாள்.

வாசித்தேன். 'மனுவில் குறிப்பிட்ட நோயாளி காலமானதாக அறியப்படுவதால், அவர் ஆற்றைக் கடக்கவேண்டிய தேவை தற்போது நிலவவில்லை. எனவே தங்கள் குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டதாகப் பதிவு செய்யப்படுகிறது.' கீழே ஒரு படிவம். தீர்வில் திருப்தியா, ஆம், இல்லை, இரண்டு கட்டம். அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'இல்லை எனில், பாதிக்கப்பட்டவர் பதினைந்து நாட்களுக்குள் ஆணையத்தின் கிளை அலுவலகத்தில் நேரில் ஆஜராகித் தெரிவிக்க வேண்டும்.'

அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"பாதிக்கப்பட்டதுன்னா ஆரு? நானா?"

"அண்ணன்தான் அக்கா. மனுவில அப்படித்தான் எழுதியிருக்கு."

 அவள் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து 'இல்லை' என்ற கட்டத்தில், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

"எழுது மக்கா. கொண்டு வாறேன்னு எழுது. குழி தோண்டி எடுக்க நாலு ஆளு உண்டு, சொமக்க ஊரு உண்டு. எந்தக் கடவு வழியா கொண்டு வரணும்னு மட்டும் அவங்க சொல்லட்டு."

அப்படியே எழுதி, அவள் கையெழுத்தை வாங்கி, பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன்.